இறங்கிப் போன பிறகும் உள்ளே இருந்தவள்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை. போன வாரம் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண் என் முழங்கை மடிப்பில் அதைத் தேய்த்தாள். சில்லென்று இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இன்னும் குத்தவே இல்லீங்களே" என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன். மொட்டை மாடிக்குப் போய் இரண்டு சுற்று நடந்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். ஓரிடத்தில் நிற்காத ஆள் நான். ஐம்பத்தொரு வயதிலேயே வேலையை விட்டவன். ஆனால் சாஃப்ட்வேர் எழுதும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னபோது, எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில், தருமபுரியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம். மாடியில் மூன்று அறை, வரவேற்பில் ஒரே ஒரு கணினி. அவர்களுக்கான சாஃப்ட்வேரை எழுதியது நான். எங்கள் அலுவலகமும் பெரிதில்லை. நானும் ஒரு கூட்டாளியும், எழுதியதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெண்ணும்.

அந்த லாபுக்குக் காலை ஏழு மணிக்கே கூட்டம் வந்துவிடும். எல்லோரும் வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள். பசித்த கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது சத்தம் போடாது. உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அங்கே வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பஸ்ஸில் வருகிறவர்கள். முதலில் வருகிறவள் மாதம்மாள். அதியமான்கோட்டையிலிருந்து வருவாள். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, ரிப்போர்ட் போடுவது மூன்றும் அவள்தான். கணினியைத் திறந்து தன் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு ஊசியோடு உள்ளே போய்விடுவாள். பிறகு மாதையன் வருவார். வீடு வீடாகப் போய் ரத்தமும் சளியும் வாங்கி வருகிறவர், ஐம்பது வயதுக்காரர். வாங்கி வந்ததை அவர் பதிய வேண்டுமென்றால் மாதம்மாளின் கணக்கை மூடி, தன் கணக்கைத் திறக்க வேண்டும். பழைய கணினி. மூடித் திறப்பதற்குள் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களின் கண்கள் மாறிவிடும்.

ஒருநாள் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, எங்களத்தான் வெறும் வயித்துல வரச் சொன்னீங்க. அந்தப் பொட்டி எதுக்கு வெறும் வயித்துல நிக்குது? அதுக்கு ஒரு காப்பி ஊத்துங்க, எந்திரிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். லாபின் உரிமையாளர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"பாத்தீங்கள்ல சார்? ஒரே அமுக்குல ஆள் மாறணும். பாஸ்வேர்டெல்லாம் காலைல ஒரு தடவ போதும். செஞ்சு குடுங்க."

செய்து கொடுத்தேன். திரையின் மேல்மூலையில் ஒரு பொத்தான். 'ஆள் மாற்று.' அமுக்கினால் பெயர்கள் வரும். உங்கள் பெயரைத் தொட்டால் திரையின் தலையில் உங்கள் பெயர் வந்துவிடும். அரை நாள் வேலை.

எங்கள் சோதனைப் பெண் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பொத்தானை நாலு முறை அமுக்கிப் பார்த்தாள். "மேல பேர் மாறுது, சரி. உள்ள உக்காந்திருந்தவங்க எந்திரிச்சாங்களா? எனக்கு ரெண்டு நாள் குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள்.

"காலைல நிக்கறவங்களுக்குப் பசிக்குது" என்றேன் நான். அது உண்மைதான். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுவல்ல.

மறுநாளே பொத்தான் லாபுக்குப் போயிற்று. வரிசை மளமளவென்று நகர்ந்தது. எல்லோரும் மெச்சினார்கள். இதே சாஃப்ட்வேர் வைத்திருந்த மற்ற லாபுகளும் கேட்டு வாங்கிக்கொண்டன.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், உரிமையாளர் போன் செய்தார். "சார், ஒடனே வாங்க. ஒரு ரிப்போர்ட்டு வெளிய போயிருக்குது."

போனேன். வரவேற்பின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் ராணி. ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் கடை. பல வாரமாக இருமல் என்று சளி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். காசநோய் என்று ரிப்போர்ட் வந்தது. அவள் அதை வாங்க வருவதற்கு முன்பே அந்தச் செய்தி அருவிக்கரைக்குப் போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் பெஞ்சை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். காலையில் டீ வாங்கப் போனால் தனி டம்ளர்.

"மாத்தர திங்கறேன், ஊசி போட்டுக்கறேன், அதெல்லாம் ஆவுட்டும்" என்றாள் ராணி. இருமலை முந்தானையில் அமுக்கிக்கொண்டு பேசினாள். "எனக்கே தெரியாதது ஊருக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது? அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

உரிமையாளர் என்னைப் பார்த்தார். "யாரு தெறந்து பாத்தாங்கன்னு உங்க புரோகிராம்ல இருக்குமில்ல?"

இருந்தது. யார், எந்த நேரத்தில், யாருடைய ரிப்போர்ட்டைத் திறந்தார்கள் என்று வரிவரியாக எழுதி வைக்கும் ஒரு பதிவு. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஒருவரும் அழிக்க முடியாது, நானே நினைத்தாலும் முடியாது. உட்கார்ந்து திறந்தேன். ராணியின் ரிப்போர்ட் ஒரே ஒருமுறைதான் திறக்கப்பட்டிருந்தது. முந்தாநாள், ஒன்பதே முக்கால். மாதம்மாள்.

பெயரைப் படித்தேன். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மாதம்மாள் உள்ளறையிலிருந்து வந்தாள்.

"நான் தெறக்கலீங்களே. சோதிச்சு, முடிவு ஏத்துனதோட சரி. தெறந்து படிக்கறதெல்லாம் டாக்டரு வந்து கையெழுத்துப் போடறப்பத்தான்; இதுல இன்னும் போடலீங்க. ஒம்பதே முக்காலுக்கு நான் ஒரு கொழந்தைக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்தேனுங்க. நரம்பே கெடைக்கல. அதோட அம்மா என்னத் திட்டிக்கினே இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்குது."

உரிமையாளர் அவளைப் பார்க்காமல் என்னைக் கேட்டார். "சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வாழ்விலும் இந்தக் கேள்வி வரும். உங்களுக்குச் சாப்பாடு போடுகிறவர் கேட்பார். சுற்றிலும் ஆட்கள் நிற்பார்கள், எல்லோருடைய கண்ணும் உங்கள் வாயில் இருக்கும். ஒரு பக்கம் நீங்கள் உங்கள் கையால் எழுதியது. இன்னொரு பக்கம், 'நான் செய்யவில்லை' என்று சொல்லும் ஒரு மனுஷி.

நான் சொன்னேன்: "சொல்லாதுங்க."

ராணி மெதுவாக மாதம்மாளின் அருகில் போனாள். "அன்னைக்கு நான் இருமறப்ப முதுகத் தடவி உட்டயே கண்ணு. நீயும் ஒரு பொம்பளதானே?" என்றாள். சத்தமே இல்லை. திட்டியிருக்கலாம். திட்டாமல் படியிறங்கிப் போனாள்.

உரிமையாளருக்கும் முகம் செத்துவிட்டது. கெட்டவரில்லை அவர். "நீ கெளம்பும்மா. இனிமே இங்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மாதம்மாள் வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள். மடித்தாள். ஒரு முனை சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். நாற்காலி மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் செருப்புச் சத்தம் பதினேழு படிகளிலும் கேட்டது. நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய்.

ரத்தம் எடுக்க ஆள் இல்லை. வேறொரு இடத்திலிருந்து யாரையோ வரவழைக்க உரிமையாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மாதையன் நல்லம்பள்ளிப் பக்கம் போய்விட்டு, சளி டப்பாக்களோடு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கணினி முன் உட்கார்ந்து 'ஆள் மாற்று' அமுக்கினார். திரையின் தலையில் மாதையன் என்று வந்தது. பெயர்களைப் பதிந்தார். முன்பு சோதித்துக்கொண்டு போன ஒருவரின் பெயரைத் தேடும்போது கை தவறி, அவருடைய ரிப்போர்ட்டே திறந்துகொண்டது. அதை மூடினார்.

அது திறந்திருக்கக் கூடாது. மாதையனுக்குப் பெயர் பதிய மட்டும்தான் அனுமதி.

அவர் எழுந்ததும் உட்கார்ந்தேன். பதிவைத் திறந்தேன். கடைசி வரி, ஒரு நிமிடம்கூட ஆகாத வரி: பதினொன்று பத்து. மாதம்மாள்.

அவள் இறங்கிப் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மேலே மின்விசிறி சுற்றியது. எனக்கு வேர்த்தது. நாற்காலி மேல் அவள் மடித்து வைத்த கோட்டு இருந்தது. அவள் தெருவில் எங்கேயோ நடந்துகொண்டிருந்தாள். ஆனால் நான் எழுதிய நிரலுக்குள் அவள் இன்னும் உட்கார்ந்துகொண்டு, யார் யாருடைய ரிப்போர்ட்டையோ படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிரல் தனக்குள் சிலவற்றை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. இப்போது இருப்பது யார், எதுவரை அவருக்கு அனுமதி, எது திறந்திருக்கிறது. நீங்கள் இதை 'ஸ்டேட்' என்று படித்திருப்பீர்கள். நான் மாற்றியது திரையில் தெரியும் பெயரை மட்டும். உள்ளே இருந்த நினைவை நான் தொடவே இல்லை. காலையில் யார் பாஸ்வேர்ட் போட்டாரோ அவரே நாளெல்லாம் உள்ளே இருந்தார். அவருடைய அனுமதியில் எல்லோரும் நடமாடினார்கள். அவருடைய பெயரில் எல்லாம் எழுதப்பட்டன. அந்த இடத்தில் காலையில் முதலில் வருகிறவள் எப்போதும் ஒருத்திதான். சீக்கிரம் வந்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அது.

வெளியிலிருந்து எவனோ பூட்டை உடைத்து வருவான் என்று நாம் காவல் இருக்கிறோம். பல நேரம் நடப்பது அதுவல்ல. ஒருவர் எழுந்துபோன இடத்தைத் துடைக்காமல் இன்னொருவரை உட்கார வைக்கிறோம்; அவ்வளவுதான். திருட்டே இல்லாமல் திருட்டு நடந்துவிடுகிறது.

மாதையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கத் தெரியாத மனிதர்.

"பாத்தேனுங்க சார். முந்தாநேத்து பதியறப்ப தெறந்துக்கிச்சு. மேல எம் பேருதானே இருக்குது? அப்ப நான் பாக்கலாம்னுதானே அர்த்தம்? ராணிக்குப் பக்கத்துக் கட எம் மச்சானுதுங்க. வூட்ல கைக்கொழந்த இருக்குது. 'ராணியக்காவ கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட்டு எடுத்துக்கச் சொல்லுங்க, பாவம்'னுதான் போன்ல சொன்னேன். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லீங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நாற்காலியில் இருந்த கோட்டைப் பார்த்தார். "மாதம்மா எங்கீங்க?"

வராந்தாவுக்குப் போய்க் கூட்டாளிக்குப் போன் செய்தேன். அவன் கோபப்படவில்லை. பயந்தான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

"இங்க பாரு, இப்ப வாயத் தொறக்காத. அடுத்த அப்டேட்டுல சத்தமில்லாம சரி பண்ணிரலாம். மத்த லாபுக்கெல்லாம் தெரிஞ்சா ஒருத்தன் நம்மள வெச்சுக்க மாட்டான். அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல நானே வேல பாத்துத் தர்றேன்."

"பேர?" என்றேன்.

"என்ன பேரு?"

"அவ பேர யாரு திருப்பித் தருவா?"

போனை வைத்தேன். நானும் துணிச்சல்காரன் இல்லை. அந்த வராந்தாவில் நாலு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். சத்தமில்லாமல் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துக்கொண்டுதான் நடந்தேன். பிழையை நான் சரிசெய்துவிடுவேன், ஆனால் அந்த வரி அப்படியே இருக்கும். யாரும் அழிக்க முடியாத பதிவு. நானே அப்படிச் செய்து வைத்தது. ராணியின் பெயருக்கு எதிரே மாதம்மாள் என்று, நாங்கள் எல்லோரும் செத்த பிறகும் இருக்கும்.

உள்ளே போனேன். உரிமையாளரிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"அப்பறம் சொல்லாதுன்னு சொன்னீங்களே சார்?" என்றார்.

"நான் சொன்னது தப்புங்க. அது பொய் சொன்னது. நான் எழுதினபடி சொன்னது."

அவர் பளாரென்று அறைந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள சொல்லுச்சு, கொழந்தைக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்தேன்னு. உள்ள போய், ரத்தம் எடுத்த நேரம் எழுதற நோட்டப் புரட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டு நிமிசம். ரெண்டு பேருமே பாக்கலியே சார்."

பொத்தானை அங்கேயே எடுத்தேன். மற்ற லாபுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, என்ன தப்பு, யார் செய்தது, இதுவரை எழுதிய பதிவில் எதை நம்பக் கூடாது என்று சொன்னேன். ஒருவர் திட்டினார். ஒருவர் எங்களை விட்டுப் போனார். ஒருவர், போன மாதம் தானும் ஓர் ஆளை நிறுத்தியதாகச் சொன்னார். அந்த ஆளைத் தேடிப் போகிறேன் என்று போனை வைத்தார்.

மாதம்மாளின் வரிக்குக் கீழே, அழிக்க முடியாத அதே பதிவில், இன்னொரு வரி சேர்த்தேன்: மேலே உள்ள பெயர் தவறு, திறந்தவர் இவரில்லை, இந்தப் பிழையைச் செய்தவன் நான், என்று என் முழுப் பெயரோடு. சோதனைப் பெண்ணிடம் போய், "ரெண்டு நாள் கேட்டியே, எடுத்துக்கோ" என்றேன். அவள் ஜெயித்த முகம் காட்டவில்லை. "ரெண்டு நாள் போதாது சார். இப்படி இன்னும் எங்கெல்லாம் ஆள் எந்திரிக்காம இருக்காங்களோ" என்று வேலையைத் தொடங்கினாள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். ஆள் மாறும்போது உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுமையிலிருந்து தொடங்குங்கள். மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அப்புறம், பதிவும் நீங்கள் எழுதியதுதான். தப்பு செய்த அதே கைதான் சாட்சியையும் எழுதியிருக்கிறது. ஒரு மனுஷி இல்லை என்று சொன்னால், முதலில் அவளிடம் கேளுங்கள்: அந்த நேரத்தில் எங்கே இருந்தாய்?

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்தில் மாதம்மாளைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் போனால் கேட்பார்கள் என்று, வழக்கமாகப் போகும் பஸ்ஸுக்காகவே அத்தனை நேரமும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நான் எறங்கிப் போன பொறவும் நான் அங்கதான் வேல பாத்துக்கினு இருந்தேனுங்களா?"

"ஆமாம்மா."

"அந்த மாதம்மாளுக்கு லீவாச்சும் குடுங்க சார். பாவம், காலைல இருந்து எந்திரிக்கவே இல்ல."

சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். நான் பஸ்கள் மேல் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிரும்மா. உன்னக் கேக்காம, கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொல்லிட்டேன்" என்றேன். "ஓனர் நாளைக்கே உன்னை வரச் சொன்னார். எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சு, தப்பு என்னுதுன்னு."

"எல்லார்னா?"

"லாபுல இருக்கறவங்க எல்லாரும். மத்த லாபுங்க. பதிவுலயும் எழுதிட்டேன்."

"ராணியக்கா?"

சட்டைப் பையில் போனைத் தேடினேன். அத்தனை பேருக்குப் போன் செய்தவன் அந்த ஒருத்தியை மறந்திருந்தேன்.

"போன் நம்பர் லாபுல இருக்கு. இப்பவே பேசிடறேன்" என்றேன்.

"எம் மொகத்தப் பாத்துத்தானே கேட்டாங்க, நீயும் ஒரு பொம்பளதானேன்னு? போன்லயா கேட்டாங்க?"

அவள் பஸ் வந்துவிட்டது. கூட்டம் முண்டியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறியவள், திரும்பி என்னைப் பார்த்தாள். பஸ் நகரத் தொடங்கிய சத்தத்துக்கு மேலே உரக்கச் சொன்னாள்:

"வேலைக்கு நாளன்னிக்கு வர்றேனுங்க. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒகேனக்கல் பஸ்ஸு. மாதையண்ணனக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. மூணு பேருக்கும் நான் எடம் போட்டு வெக்கறேன்."